பெரும்பான்மை

பனியன் ஆர்டர்கள் நின்றுபோன திருப்பூரில், கூட்டணி அரசு வீட்டுக்கு வீடு நிவாரணப் பணம் போட்டது. அதற்கு மாதம் முதல் தேதி, வீட்டிலுள்ள பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் குடும்பத்துக்கு ஆதரவு தெரிவித்துப் போனில் விரல் வைக்க வேண்டும்.

கோகிலவாணியின் வீட்டில் அவளும் கணவன் மகுடபதியும் மட்டும்தான். இருவருமே வைத்தாக வேண்டும். அதனால் அந்த ஒரு நாள் அவன் காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவான். "ஆதரவு தர என்ன மந்திரி பதவி வேணும், வாணி?" என்று சிரிப்பான். அதற்காகவே அவள் மாதம் முழுக்கக் காத்திருப்பாள்.

இந்த முறை காபி வரவில்லை. அவன் கேட்கவுமில்லை. மனதில் ஏதோ உறுத்த, அவள் வேண்டுமென்றே விரல் வைக்காமல் இருந்தாள்.

மத்தியானம் பணம் வந்துவிட்டது. கூடவே ஒரு செய்தி: "உறுப்பினர் மூவரில் இருவர் ஆதரவு. குடும்பம் நீடிக்கிறது."

வெளியே கிளம்பிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள். "ஏனுங்க, நம்மூட்டுல எத்தன பேருங்க?"

"பணம் வந்துருச்சல்ல? அப்புறமென்ன?" என்றான், சட்டைப் பொத்தானிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவன் போன பிறகு அவள் போனில் விரலை வைத்தாள்.

"நன்றி. உங்கள் ஆதரவு இப்போது தேவைப்படவில்லை."