பென்சில் சதுரம்

மேசை விளக்கின் வெளிச்சம் டாக்டரம்மா குடும்ப மரம் வரையும் தாள் மேல் மட்டும் விழுகிறது. லிஃப்ட் மெக்கானிக் தன் வம்சம் மாடி மாடியாகக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நாற்பத்தாறில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன தாத்தாவின் சதுரத்தைப் பேனா கறுப்பாக நிரப்புகிறது. நாற்பத்து நாலில் போன அப்பாவுடையதையும். அடுத்த இடம் அவருடையது. வயது நாற்பத்தொன்று. பக்கத்தில் மனைவி. வயிறு இரண்டு பேருக்கும் முன்னே தள்ளியிருக்கிறது. ஆறாம் மாதம் அவளுக்கு மட்டும்தான். "அப்போ எனக்கும் கறுப்புதானா டாக்டர்?" என்று சிரிக்கப் பார்க்கிறார். "ஜீன் வந்தது வந்ததுதான். அது எவ்வளவு ஆட்டம் போடும்ங்கிறதுல உங்க பழக்கத்துக்கும் பங்கு இருக்கு. சிகரெட்?" "விட்டாச்சு." மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அவர் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொள்கிறது. அவருடைய காலியிடத்துக்குக் கீழே, பிறக்கப்போகும் குழந்தைக்காகப் போட்ட கோடு தனியாக நிற்கிறது. அதையே பார்க்கிறார். "இல்ல டாக்டர், இன்னும் விடல." மனைவி திரும்பவில்லை. "தெரியும். சட்டையத் துவைக்கிறது யாரு?" என்கிறாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைக்கிறார். பென்சிலை எடுத்து, அவருக்கான சதுரத்தை மெதுவாக வரைகிறார். உள்ளே நிரப்பவில்லை.