பதினோராவது புகார் நோட்டு

"முதல் அறைக்காரரை இந்த மாசத்தோட அனுப்பிடலாம். லெட்டர் டைப் பண்ணுங்கம்மா" என்றார் செயலாளர்.

டைப்பிஸ்ட் நாற்காலியில் நெளிந்தாள். "அவருக்குப் போக்கிடம் இல்லையே சார்."

"அதுக்காக? வெள்ளி விழா மலருக்கு இல்லத்தோட வரலாறு எழுதலாம்னு அலமாரியத் திறந்தா, பதினோரு புகார் நோட்டு. எல்லாம் அவர் கையெழுத்து."

அந்த அறக்கட்டளை எட்டு அறைகளோடு முதியோர் இல்லம் தொடங்கியபோது, முதல் ஆளாகப் பெட்டியோடு வந்து இறங்கியவர் அவர். இன்று மூன்று கட்டடம், நூற்றிருபது பேர். மனிதருக்குத் திருப்தி மட்டும் வந்தபாடில்லை.

செயலாளர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "மூணாம் வருஷம். 'மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. லிஃப்ட் வேண்டும்.' இவர் இருக்கிறதே கீழ்த்தளத்துல."

"லிஃப்ட் வந்துச்சே சார்."

"ஒன்பதாம் வருஷம். 'கண்ணாடி பக்கத்தில் விளக்கு இல்லை. வகிடு எடுக்க முடியவில்லை.' மொட்டைத் தலையில எங்கம்மா வகிடு எடுக்கிறார்?"

டைப்பிஸ்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"பதினாலாம் வருஷம். 'சக்கர நாற்காலி கதவில் இடிக்கிறது.' காலையில என்னை முந்திக்கிட்டு நடக்கிற மனுஷன் இவர்."

"அதுக்கப்புறம்தான் அகலக் கதவு வெச்சு ரெண்டாவது கட்டடம் கட்டினாங்க சார்."

"கட்டினாங்க, சரி. மத்தவங்க யாராவது ஒரு தடவை வாயைத் திறந்திருக்காங்களா? அத்தனை பேரும் தங்கம். இவர் ஒருத்தர்தான் தலைவலி."

டைப்பிஸ்ட் தலைகுனிந்து கடிதத்தைத் தொடங்கினாள். இரண்டு வரி அடித்திருப்பாள்.

"இதைக் கேளுங்க, உச்சக்கட்டம். பதினோராவது நோட்டு, இன்னிக்குக் காலையில எழுதினது" என்று செயலாளர் உரக்கப் படித்தார். "'ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து டைப் அடிக்க முடியவில்லை. இடுப்பு கழன்று விழுகிறது.' இவர் என்னிக்கும்மா டைப் அடிச்சார்?"

டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"உங்ககிட்ட வேற நாற்காலி கேட்டா வேலை போயிடுமோன்னு பயம் சார். நேத்து அவர்கிட்ட சும்மா புலம்பினேன். அது என் இடுப்பு."