புதன்கிழமை ஜெபம்

புதன்கிழமை ஒரு மணியானால் கலாவதி அக்காவுக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

அன்றும் தொலைபேசி அடித்தது. யாதவி பாதிச் சோற்றோடு எழுந்தாள்.

"இஞ்சாருங்கோ, கலாவதி அக்கா ஜெபிக்க வரட்டாம். போட்டு வாறன்."

"போன கிழமையும் போனனீர். அதுக்கு முதல் கிழமையும் போனனீர். மூண்டு மணித்தியாலம் ஜெபிச்சும் மாறாத முழங்கால் என்ன முழங்கால்?"

"பாஸ்டர் கதைக்கிற கதையோ இது?" அவள் போய்விட்டாள்.

அவள் கணவர் தயாநிதி, சுவிஸில் வின்டர்தூர் நகரத்தில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்குப் பாஸ்டர். காலையில் தொழிற்சாலை, மாலையில் ஊழியம். யாதவிக்குக் காலையில் முதியோர் இல்லத்துச் சமையலறை. பிறகு வீடு, இரண்டு பிள்ளைகள், ஞாயிறு பாடசாலை, பாடகர் குழு, ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் தேத்தண்ணி. புதன் பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகள் உதைபந்தாட்டத்துக்குப் போய்விடுவார்கள். கிழமையில் அவள் காலை நீட்டக்கூடிய நேரம் அது ஒன்றுதான். அதையும் சபையில் ஒருத்தியான கலாவதி அக்கா பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் முன்பு, மகனின் பற்தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் யாதவி அழுதாள். இவள் ஒருநாள் விழுந்துவிடுவாள் என்று தயாநிதிக்குப் பயம். அந்தப் பயமெல்லாம் கலாவதி அக்கா மேல் கோபமாக ஏறியிருந்தது. பாடகர் குழுவை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு நேரிலேயே கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினார்.

மணியை அழுத்தினார். முழங்கால் வலிக்காரி இரண்டாவது விநாடியில் கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்தார்.

"அக்கா, உங்களோட ஒண்டு கதைக்கவேணும்."

"மெதுவாக் கதையுங்கோ. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, பாஸ்டர்."

முன்னறையில் ஜன்னல் அடைப்பு பாதி இறக்கியிருந்தது. சோபாவில் யாதவி சுருண்டு கிடந்தாள். மேலே ஒரு கம்பளிப் போர்வை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தயாநிதி சோபாவருகே போய்க் குனிந்தார். "மயங்கிட்டாவோ?"

"நித்திரை, பாஸ்டர். மனுசர் கொள்ளுறது."

கலாவதி அக்கா அவரைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"ஜெபம்?"

"நான் ஜெபிச்சன். ரெண்டு நிமிசம். ஆமென் சொல்ல முதலே அவ சரிஞ்சிட்டா. ஒவ்வொரு புதனும் உதுதான்."

"உங்கட முழங்கால்?"

"அதுக்கென்ன, கல்லுப்போல கிடக்கு."

"அப்ப பொய் சொல்லியிருக்கிறியள்."

"ஓம். அதுக்கு நான் ஆண்டவரிட்ட மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுறன். நீங்கள் இளைப்பாறுதலைப் பற்றி ஒரு மணித்தியாலம் பிரசங்கிச்சியளே, அண்டைக்கு உங்கட மனுசி பின்னுக்குக் கேத்திலோட நிண்டபடியே நித்திரை. நான் பிடிக்காட்டில் சுடுதண்ணி மேல ஊத்துப்பட்டிருக்கும்."

தயாநிதி சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் படும் பிள்ளை எண்டன். 'பாஸ்டரிட மனுசி பகலில படுத்தால் சபை என்ன கதைக்கும் அக்கா?' எண்டா. ஆனால் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் மாட்டன் எண்டு சொல்ல அவவுக்குத் தெரியாது. அதுதான் கூப்பிட்டன்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"உங்களிட்டையோ? நீங்கள் மூண்டு நாள் உபவாச ஜெபம் வைச்சிருப்பியள். முடிவில கஞ்சி காய்ச்ச அவதான் நிக்கவேணும்."

அப்படித்தான் செய்திருப்பேன் என்று தயாநிதிக்கே பட்டது.

"முதல் நாள் முழிச்சிட்டு ஒரே அழுகை," என்றார் கலாவதி அக்கா. "ஜெபிக்க வந்த இடத்தில படுத்திட்டன், கர்த்தர் என்ன நினைப்பார் எண்டு கேட்டா. புயலுக்கு நடுவில படகுக்குள்ள நித்திரை கொண்டவருக்கு உது விளங்காதோ, அடுத்த புதனும் வாரும் எண்டன்."

சாத்திய கதவுக்கு அப்பால் சின்னதாக ஒரு குறட்டை கேட்டது. யாதவி குறட்டை விட்டுத் தயாநிதி கேட்டு எத்தனை மாதமோ ஆகிவிட்டது. அவர் சமையலறைக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். தோள் இரண்டும் தானாகத் தாழ்ந்தன.

"ஞாயிற்றுக்கிழமையில இருந்து தேத்தண்ணி நான் ஊத்துறன், அக்கா. பாடகர் குழுவுக்கும் வேற ஆளைப் பாப்பம்."

"பாருங்கோ. அதுசரி, என்ன கதைக்க வந்தனீங்கள்?"

"மறந்துபோச்சு."

அக்கா சிரித்துக்கொண்டே அவருக்கு முன்னால் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்தார்.

"ஆனால் அக்கா, ஒவ்வொரு கிழமையும் இப்பிடி முழங்கால் வருத்தம் எண்டு சொல்ல உங்களால எத்தனை நாளைக்கு ஏலும்?"

கலாவதி அக்கா அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். அடுக்குமாடியின் பொதுச் சலவை அறையில் எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று ஒரு அட்டவணை தொங்குமே, அதைப்போலக் கட்டம் போட்டு, மாதம் எழுதி, பெயர் எழுதியிருந்தது. எல்லாம் சபையாரின் பெயர்கள்.

"இண்டையோட எனக்குச் சுகம், பாஸ்டர். வாற மாதம் ஜெனனிக்கு இடுப்பு வலி. உங்களுக்கெண்டு மூப்பர் சண்முகநாதன் அண்ணை சனிக்கிழமையளில காய்ச்சலாக் கிடக்கச் சம்மதிச்சிருக்கிறார்."