பதினோரு நிமிடக் கனவு

இருபத்திரண்டு ஒயர்களில் பதினெட்டைக் கழற்றியிருந்தபோது நாத்தனார் வந்துவிட்டாள்.

காலை ஆறரை மணி. தூக்கத்தைப் பரிசோதிக்கும் அந்தச் சின்ன மருத்துவமனைக்கு அவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லை. நாத்தனார் தலையைக்கூட ஒழுங்காக வாரவில்லை.

கட்டிலில் மாமனார். நெற்றியில் இரண்டு, தாடையில் இரண்டு என்று பாக்கி ஒயர்களோடு, பழுதுபார்க்க வந்த ரேடியோ மாதிரி உட்கார்ந்திருந்தார். கழற்றிக்கொண்டிருந்தவள் மருமகள். அங்கே அவளுக்கு ராத்திரி உத்தியோகம்: ஊரார் தூங்குவதைத் தூங்காமல் பார்ப்பது.

அந்த உத்தியோகத்துக்குத்தான் இன்று தீர்ப்பு.

வீட்டுப் பெண் வாரத்தில் நான்கு ராத்திரி வெளியே தங்குவதாவது, வேலையை விடச் சொல் என்று நாத்தனார் ஒரு மாதமாகத் தம்பியை அரித்துக்கொண்டிருந்தாள். தம்பி வழக்கம்போல, அம்மா என்ன சொல்கிறாள் என்று பார்ப்போம் என்று நழுவிவிட்டான்.

அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கெல்லாம் அசருகிற அம்மா இல்லை. மாமனாரின் கனவில் வந்து உத்தரவு போடுவாள், பல் விளக்கும்போதே அவர் அதை அறிவிப்பார், வீடு கீழ்ப்படியும்.

இதில் தெருவே மூக்கில் விரல் வைத்த விஷயம் ஒன்று உண்டு. உயிரோடிருந்தவரை மருமகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அந்த அம்மாள். செத்த பிறகு தங்கமாகிவிட்டாள். மருமகள் பகலில் தூங்குவதற்கு, வெளிச்சம் புகாத மாடி அறையை விட்டுக்கொடுக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைச் சமைக்கச் சொன்னாள். அவன் கைச் சமையலைத் தின்றவர்களுக்குத்தான் அந்த உத்தரவின் கனம் தெரியும்.

நாத்தனாருக்கு இது ஜீரணமாகவில்லை. மிஷினில் மாட்டினால் கனவு தெரியுமாமே, அப்பாவின் குறட்டைக்கு டாக்டரும் சோதனை எழுதியிருக்கிறாரே, மாட்டியே பார்த்துவிடுவோம் என்று ஏற்பாடு செய்தவளே அவள்தான்.

தெரியத்தான் செய்யும். தூக்கம் என்பது மாடிப்படி இறங்குகிற மாதிரி. முதலில் கண் சொக்கும், அப்புறம் லேசான தூக்கம், அடிப்படியில் இடி விழுந்தாலும் எழாத தூக்கம். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி மேலே ஏறி வரும்போதுதான் கனவு கடை விரிக்கும். மூளை விழித்திருப்பவன் மூளைபோல ஓடும். உடம்பு நனைந்த துணியாகக் கிடக்கும். மூடிய இமைக்குள் விழி மட்டும் பட்டம் பார்ப்பதுபோல அங்குமிங்கும் அலையும். முப்பது நொடிக்கு ஒரு பக்கமாக மருமகள் இதையெல்லாம் மிஷின் திரையில் படிப்பாள். நேற்று ராத்திரி மாமனார் எண்ணூற்று நாற்பது பக்கம். விடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை.

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வந்தாள் என்றார். மருமகள் வேலையை விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் என்றார்.

நாத்தனார் அப்பாவைப் பார்க்கவே இல்லை. மருமகளைத்தான் பார்த்தாள். இருப்பதை இருக்கிறபடி போட்டு உடைக்கிறவள், கொஞ்சமும் நெளிவுசுளிவு தெரியாதவள் என்று நாத்தனாரே நாலு பேரிடம் குறை சொன்ன ஆள் அல்லவா.

மருமகள் திரும்பித் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூணு இருபதுக்குக் கனவு வந்திருக்கு அண்ணி. பதினோரு நிமிஷம். யாரு வந்தாங்கன்னு மிஷின்ல தெரியாது."

நாத்தனார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"பதினோரு நிமிஷம் இருந்துட்டு, என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையாப்பா?"

மூன்று வருடத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று மாமனார் நினைத்துப் பார்த்ததில்லை.

"கேக்கத்தான் ஆரம்பிச்சா. அதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சும்மா. நாளைக்கு முழுசாக் கேட்டுச் சொல்றேன்."

அது போதுமாயிருந்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் வேலை அவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று தம்பிக்குப் போன் போட வெளியே போனாள். போகிற போக்கில், நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரலாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

மருமகள் மீதி நான்கு ஒயர்களையும் கழற்றினாள். நெற்றியில் ஒட்டியிருந்த பசையை ஈரத்துணியால் துடைத்தாள். மாமனார் அவளைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடாத கடிகாரம்.

அவர்கள் போன பிறகு டாக்டருக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

மூச்சு நின்றது, மணிக்கு முப்பத்தெட்டு முறை. லேசான தூக்கம், ஐந்தே முக்கால் மணி நேரம். ஆழ்ந்த தூக்கம், இருபது நிமிடம்.

கனவுத் தூக்கம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று அடித்தாள்.