நிலவைக் கழித்த பிறகு

இடுப்பு கழன்று விழுவதுபோல வலிக்கிறது. கழக்கூட்டம் என்ற ஊரின் வானியல் ஆய்வறையில் ஜெபிலா ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து திரையையே பார்க்கிறாள். ஜன்னல் வழியே மத்தியான வெயிலும் நெடுஞ்சாலையின் ஹார்ன் சத்தமும் சேர்ந்து விழுகின்றன. எங்கோ தொலைவில் ஒரு விண்மீன் மண்டலத்தின் கருந்துளை பீச்சியடிக்கும் தாரையில் காமா கதிர் திடீரென்று எகிறியிருப்பதாக, செயற்கைக்கோள் தரவைப் பார்த்துப் போன வாரம் குதித்தவள் இவள்தான். அதை நம்பி, கூட ஆய்வு செய்யும் சஜி, தொலைநோக்கியில் பார்க்க இந்த வருஷம் தனக்குக் கிடைத்த ஒரே இரவை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். தொலைநோக்கியில் அந்த மண்டலம் எப்போதும்போல மங்கலாகவே கிடந்தது. காமா எகிறிய அன்றைக்கு நிலவு அதன் அருகே கடந்திருக்கிறது. நிலவும் காமா கதிர் வீசும். அந்த நேரத்தைக் கழிக்க இவள் மறந்துவிட்டாள்.

"நிலாவக் கழிச்சியாட்டீ?" பின்னால் வந்து நின்று சஜி கேட்கிறான்.

"கழிச்சேண்ணே. மேடு பாதிதான் இறங்குது. மிச்சம் அப்படியே நிக்குது."

"அப்போ உள்ளதா, பொய்யா?"

"தெரியல்லண்ணே."

"கொள்ளாம், நல்லாருக்கு. எனக்க ராத்திரிய நிலாவுக்குத் தூக்கிக் கொடுத்தியோ என்னவோ."

ஆறிப்போன அவள் டீயை எடுத்து அவனே குடிக்கிறான். அவனுக்கு இனி அடுத்த வருஷம்தான். திரையில் அந்தப் பாதி மேடு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அது உண்மையோ பொய்யோ, சஜிக்கு ஜெபிலா ஒரு தொலைநோக்கி இரவு கடன்பட்டிருக்கிறாள்.