மைக் அணைந்த தெரு

“தோழர் சிண்டிலே, நீங்க ஆளுங்கட்சிகிட்ட விலை போயிட்டீங்களா?”

இருபது வருஷ நண்பனை முசுகிசி ‘தோழர்’ என்று கூப்பிட்டால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அர்த்தம். மற்ற நேரமெல்லாம் ‘டேய்’தான்.

தென்னாப்பிரிக்கா பூராவும் தேர்தல் ஜுரம். வாக்குப்பதிவுக்கு இன்னும் பதினோரு நாள். கரீகா நகரில் எதிர்க்கட்சியின் கிளைக் கூட்டம் எப்போதும் சனிக்கிழமை காலையில், தலைவர் முசுகிசி வீட்டுக் கார் ஷெட்டில் நடக்கும். இன்று செயலாளர் புமேஸா கொண்டுவந்த புகாரால் வழக்கமில்லாமல் மத்தியானத்தில் அவசரக் கூட்டம்.

பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர், உண்மையைச் சொன்னால், டீக்கும் பொரித்த மாவுருண்டைக்கும் வந்தவர்கள்.

சிண்டிலே கிளையின் ஒரே பிரசார வண்டியை ஓட்டுபவன். டயர் ஆலையில் வேலை போன பிறகு கட்சிதான் அவனுக்கு எல்லாம். மைக்கைப் பிடித்தால் மூன்று தெரு கேட்கும்.

“நொபந்து அம்மா தெருவுல மட்டும் மைக்கை அணைச்சிடுறீங்களாமே?”

நொபந்து ஆளுங்கட்சியின் கிளைத் தலைவி.

“நானே பார்த்தேன்,” என்றாள் புமேஸா. “தெருமுனையில பாட்டு நின்னுடுது. பூனை மாதிரி போறாரு. அந்தப் பக்கம் போனதும் மறுபடி ஆரம்பிக்கிறாரு. மூணு நாளா நின்னு பார்க்குறேன், இதே கதைதான்.”

“அந்தத் தெருவுல அறுபது வீடு. போன தடவை நாம தோத்தது நாப்பத்திமூணு ஓட்டுல. தெரியும்ல?” என்றார் முசுகிசி.

“தெரியும்ணே.”

“அப்போ அணைச்சது நிஜம்?”

“நிஜம்.”

“அந்த அம்மாகிட்ட தனியாப் பேசினீங்களா?”

“அவங்க வீட்டுக்கே போய்ப் பேசினேன். டீ குடுத்தாங்க.”

“எத்தனை ஸ்பூன் சர்க்கரைக்கு விலை போனே?” என்று மாவுருண்டைக்காரர்களில் ஒருவர் கேட்க, ஷெட் முழுக்கச் சிரிப்பு.

முசுகிசி சிரிக்கவில்லை. ஆளுங்கட்சியை விட்டு அவரும் சிண்டிலேயும் ஒரே நாளில் வெளியே வந்தவர்கள். ஊரே ஏசியபோது ஒருவருக்கொருவர் துணையாக நின்றவர்கள். அவருக்கு வலித்தது. வலித்தால் அவருக்குக் குரல்தான் ஏறும்.

அந்த நேரம் பார்த்து மெயின் ரோட்டிலிருந்து ஆளுங்கட்சிப் பாட்டு காதைப் பிளந்துகொண்டு வந்தது. இவர்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியதும், சட்டென்று நின்றது. ஜல்லியில் டயர் உருளும் சத்தம் மட்டும். வேலிக்கு மேலே கொடி ஊமையாக நகர்ந்து போனது. தெரு தாண்டியதும் பாட்டு மறுபடி கிளம்பியது.

முசுகிசி எழுந்தே விட்டார்.

“கேட்டீங்களா எல்லாரும்? மூணு வாரமா என் தெருவுல அவங்களால வாயைத் திறக்க முடியல. பயம்! நான் இங்க அவங்களை அடக்கி வெச்சிருக்கேன். நீ அங்க போய் அடங்கிட்டு வர்றே!”

இந்தப் பெருமையை அவர் மாவட்ட அலுவலகம் வரை சொல்லியாகிவிட்டது. வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கும் மனைவி லுலாமாவுக்குச் சாயந்திரம் கஞ்சி ஊட்டும்போதும் தினம் சொல்லுவார். அவள் புன்னகையோடு கேட்டுக்கொள்வாள்.

“இவரைக் கிளையை விட்டு நீக்கணும். சம்மதம்னா கை தூக்குங்க.”

முதல் கை புமேஸாவுடையது. ஒவ்வொன்றாக மற்ற கைகளும் எழுந்தன.

சிண்டிலே பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துத் தலைவர் முன்னால் வைத்தான்.

“பேரம் பேசினீங்களான்னு கேட்டா, ஆமா, பேசினேன். ‘ராத்திரியெல்லாம் வலியில தூக்கமில்ல. மத்தியானம்தான் ரெண்டு மணி நேரம் கண்ணை மூடுறாங்க. உங்க வண்டி அந்த ஒரு தெருவுல மட்டும் பாட்டை நிறுத்துமாம்மா’ன்னு நான்தான் போய்க் கேட்டேன்.”

“எந்தத் தெருவுல? யாரு கண்ணை மூடுறாங்க?”

“இந்தத் தெருவுலதான். நம்ம லுலாமா அண்ணி.”

ஷெட்டை ஒட்டி லுலாமா படுத்திருந்த உள்அறையின் கதவை முசுகிசி திரும்பிப் பார்த்தார்.

“நொபந்து அம்மா பதிலுக்கு ஒண்ணுமே கேட்கல. ‘எங்க சபையில வியாழக்கிழமை ஜெபத்துக்கு லுலாமா என் பக்கத்துலதான் உட்காருவா. அந்த இடம் இப்ப காலியாக் கிடக்குப்பா’ன்னு அழுதாங்க. மறுநாளே டிரைவர்கிட்ட சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க வாசல்ல போய்க் கத்த எனக்கு வாய் வரலண்ணே.”

தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. புமேஸா சாவியை எடுத்துச் சிண்டிலேயின் கையில் திணித்தாள்.

முசுகிசிக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமா, அன்பா, அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வழக்கம்போலக் குரல்தான் ஏறியது.

“மூணு வாரமா என்கிட்ட ஏன்டா சொல்லல?”

ஷெட்டின் தகரம் அதிர்ந்தது.

“ஜெயிச்சிட்டதா நினைச்சு நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதைக் கெடுக்க வேணாம்னு அண்ணிதான் சொன்னாங்க.”

சிண்டிலே உள்அறைக் கதவைப் பார்த்துவிட்டு உதட்டில் விரல் வைத்தான்.

“மெதுவாண்ணே. இப்ப இந்தத் தெருவுல கத்துறது நீங்க ஒருத்தர்தான்.”