இருபத்தெட்டாம் நாள்

திருநகர் சோதனைக்கூடத்தில் மூன்று பேரும், கான்கிரீட் கியூபை நசுக்கிப் பலம் பார்க்கும் இயந்திரத்தின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பதைத் தாண்டலைன்னா அஸ்திவாரத்தை உடைச்சிருவோம் சார். அம்புட்டுப் பெரிய காத்தாடியை நம்பி நிறுத்த முடியாது" என்றார் காற்றாலைக் கம்பெனி மேனேஜர் வெங்கடேஷ்பாபு. "அஸ்திவாரக் கான்கிரீட்ல எடுத்த ஏழாம் நாள் கியூப் பதினாலுதான் காட்டுச்சு."

"இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் மெதுவாத்தான் இறுகும். இன்னைக்கு இருபத்தெட்டாம் நாள், பாருங்க" என்றார் இன்ஜினியர் துளசிராம். அந்த சிமெண்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். கியூபைக் கொண்டுவந்து வைத்தவர் அஸ்திவாரம் போட்ட மேஸ்திரி மலைச்சாமி.

முப்பத்தெட்டில் கான்கிரீட் கியூப் வெடித்தது.

"டெஸ்ட் பாஸ்!" வெங்கடேஷ்பாபு கை நீட்டினார்.

துளசிராம் அந்தக் கையைப் பார்க்கவில்லை. உடைந்த துண்டை எடுத்துத் திருப்பியவரின் முகம் கறுத்தது.

"இது நம்ம அஸ்திவாரத்துக் கான்கிரீட்டே இல்ல. கசடு சிமெண்டா இருந்தா, உடைச்சதும் உள்ளே பச்சை தெரியும். இது வெறும் சாம்பல்."

மலைச்சாமி தலைகுனிந்தார். "ஏழாம் நாள் கம்மியா வந்ததும் பயந்துட்டேன் சார். உங்க வேலை போயிருமேன்னு சாதா சிமெண்ட்ல ஒரு கியூப் போட்டு, நெச கியூப் நம்பரை அது மேல எழுதிட்டேன்."

"நெச கியூப் எங்கண்ணே?"

"வேன்லதான் கிடக்கு. தூக்கிப்போட மனசு வரல."

அதைக் கொண்டுவந்து இயந்திரத்தில் வைத்தார்கள். ஊசி முப்பதைக் கடந்தது. முப்பத்தெட்டையும் கடந்தது. நாற்பத்து மூன்றில் கியூப் உடைந்தது. உள்ளே பச்சை.

துளசிராம் அந்தப் பச்சைத் துண்டை மலைச்சாமியின் கையில் திணித்தார்.

"என்னையக் காப்பாத்துறேன்னு திருடனாக்கப் பாத்தீங்களேண்ணே!"